ஒண்ணாம் நம்பர் பஸ்ஸும் என் இனிஷியலும்

மேலப்புதூர், திருச்சி
8.7.1986

அன்புள்ள மாப்பிள்ளை இன்னாசிராஜுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுவிடாதே. பதில் எழுதத் தாள் போதாது.

தெப்பக்குளத்துப் பக்கம் மாடியில் கடை திறந்தாயிற்று. போர்டு எழுதிய புண்ணியவான் 'வீ'யைக் குறிலாக்கி, 'யோ'வில் கொம்பைத் தின்றுவிட்டு, 'விடியா கேம்ஸ்' என்று எழுதிக் கொடுத்தான். ஊரே நின்று வாசித்துவிட்டுப் போகிறது. போகிறதே ஒழிய மாடி ஏறவில்லை. ஏறியவர்களையும் நீ விரட்டிக்கொண்டிருக்கிறாய்.

ஆமாம், நீதான். பெங்களூரிலிருந்து கேசட்டில் போட்டு அனுப்பினாயே, அந்தக் கார் பந்தயம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கம் கோபுரத்துக்குப் போக வேண்டும். ஆடுகிறவனுக்குச் சிவப்புக் கார். எதிராளி, கம்ப்யூட்டரே ஓட்டும் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பஸ்ஸை இதுவரை ஒரு மனிதப் பிறவி ஜெயித்ததில்லை. மருங்காபுரியிலிருந்து வந்து காலேஜ் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் அழகிரி என்ற பையன், இருப்பதில் கெட்டிக்காரன், அவனே நேற்று தோற்று எழுந்து, "சார், இது பஸ்ஸா ஏரோப்ளேனா? ஸ்டாப்பிங்கே கிடையாதா?" என்று கேட்டான். நான் ஆடிய கதையைக் கேட்காதே. பாலத்தின் கைப்பிடிச் சுவரும் நானும் இப்போது நெருங்கிய உறவு.

உன் அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. கம்பெனி குமாஸ்தா வேலையை விட்டதற்காக அல்ல. விட்ட விஷயத்தை அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு வியாகுலம்மாளிடம் உளறியதற்காக. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில் வைத்து, வியாகுலம்மாள் சொல்லித்தான் ரோசரிக்குத் தெரிந்தது. அன்று மூடிய வாய். இப்போது எல்லாச் சேதியும் பாத்திரங்கள் வழியாகத்தான். "பசிக்கிறவங்களுக்குக் குழம்பு சட்டியில இருக்கு" என்று மீன் சட்டியிடம் சொல்கிறாள். நானும், "உப்புக் கொஞ்சம் கூட" என்று சட்டியிடமே சொல்கிறேன். சட்டி என்ன செய்யும்?

மாப்பிள்ளை, விளையாட்டில்லை. இந்தக் கடை ஓடினால்தான் அவள் வாய் திறப்பாள். கடை ஓட வேண்டுமென்றால் உன் பஸ் கொஞ்சம் மெதுவாக ஓட வேண்டும். ஏதாவது செய்.

இப்படிக்கு,
ஏ. பிலோமின்ராஜ்

*

பெங்களூர்
19.7.1986

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் விரட்டுவதாக எழுதியிருந்தீர்கள். ஆபீஸ் முடிந்து, ஹாஸ்டலில் புளித்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, உங்களுக்காக உட்கார்ந்து எழுதிய புரோகிராம் அது. போகட்டும்.

பஸ் ஏன் தோற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பாதையை வைத்திருப்பதும் கம்ப்யூட்டர்தான், பஸ்ஸை ஓட்டுவதும் கம்ப்யூட்டர்தான். எந்த வளைவு எங்கே வரும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். கேள்வித்தாள் தயாரித்தவனே பரீட்சையும் எழுதினால் நூற்றுக்கு நூறுதானே வாங்குவான்?

பஸ்ஸின் வேகத்தை மொத்தமாகக் குறைத்து அனுப்பியிருக்கிறேன். புதுக் கேசட் கிடைக்காததால் பழைய 'மாதா பாடல்கள்' கேசட்டில்தான் பதிந்திருக்கிறேன். மேலே ஒட்டியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், உள்ளே இருப்பது கம்ப்யூட்டருக்கு மட்டும் புரியும் சத்தம்.

அக்கா விஷயத்தில் என்னை இழுக்காதீர்கள். நான் இரண்டு பக்கமும் சாப்பிட்டு வளர்ந்தவன்.

அன்புடன்,
இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி
11.8.1986

மாப்பிள்ளை,

நான் குழம்பவில்லை. வியாகுலம்மாள் குழம்பிவிட்டாள்.

மேசை மேல் இருந்த கேசட்டை, "மாதா பாட்டு தானே, சாயங்காலம் செபமாலைக்குப் போட்டுட்டுத் தரேன்" என்று எடுத்துப் போயிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் முழங்காலில் நிற்கிறார்கள். இவள் பட்டனை அழுத்தினாள். கீஈஈஈ என்று ஒரு சத்தம், பிறகு ஆயிரம் தவளையை அரைவை மிஷினில் போட்டதுபோல் இன்னொரு சத்தம். தெரு அலறியது. ஒருத்தி மயக்கம் போட்டாள். வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டே ஓடி வந்து, "தம்பி, உங்க மச்சான் பெங்களூர்ல யாரு கூடச் சேர்ந்திருக்கான்?" என்று கேட்டாள். மறுநாள் சாமியார் வந்து அந்த டேப்ரிக்கார்டருக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அது இன்னும் பாடவில்லை.

அது கிடக்கட்டும். ஒன்று சொன்னால் ஒன்பதாய்ச் செய்கிறவனப்பா நீ. இப்போது பஸ் ஊர்வலத் தேராகிவிட்டது. அழகிரி ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் கார் என்று ஓட்டி, பஸ் பாலம் ஏறும் முன் கோபுரம் சேர்கிறான். முதல் இரண்டு நாள் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் கொட்டாவி. "சார், தோக்கவே மாட்டேங்குதே, போரடிக்குது" என்கிறார்கள். ஜெயிக்கிறவன் போரடிக்கிறது என்று எழுந்து போவதை என் நாற்பத்தெட்டு வயதில் இப்போதுதான் பார்க்கிறேன். நேற்றுக் கடையில் இருந்தது நானும் ஈயும்தான். ஈயோடு ஆடியும் பார்த்தேன். ஈ ஜெயித்தது.

மேலே ஏற்றினாலும் குற்றம், கீழே இறக்கினாலும் குற்றம் என்றால் நடுவில் ஒன்று இருக்குமே, அதைத் தேடு. வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறாயாமே. வழியில் வீட்டுக்கு வா. நீ வந்தால் உன் அக்கா உன்னோடாவது பேசுவாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.

ஏ. பிலோமின்ராஜ்

*

பெங்களூர்
20.9.1986

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கடையில் இருந்தீர்கள். அக்கா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில்தான் எனக்கு வழி கிடைத்தது.

சின்ன வயதில் அக்கா என்னோடு கேரம் ஆடுவாள். நான் தோற்றால் அழுவேன், சுலபமாக ஜெயித்தாலும் அழுவேன். அதனால் அக்கா எப்போதும் என் பக்கத்திலேயே வருவாள். எனக்கு இரண்டு காய் மிச்சமிருந்தால் அவளுக்கும் இரண்டு. கடைசிக் காயைக் குழிக்கு ஒரு நூலிழை தள்ளி அடித்துவிட்டு, "சே, போச்சே!" என்பாள். அவள் வேண்டுமென்றே விட்டாள் என்பது எனக்குக் காலேஜ் போன பிறகுதான் தெரியும். விட்டுக்கொடுத்தது எதிராளிக்குத் தெரிந்தால் அது விட்டுக்கொடுப்பதே இல்லை.

இப்போது பஸ்ஸுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். கார் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பஸ் பார்த்துக்கொண்டே இருக்கும். கார் பின்தங்கினால் வேகத்தைக் குறைக்கும். கார் முந்தினால் விரட்டும். வளைவில் சில நேரம் தப்பும் பண்ணும். யார் ஓட்டினாலும் கடைசி வரை இழுபறியாக இருக்கும். நன்றாக ஓட்டுகிறவன் ஜெயிப்பான், ஆனால் வியர்த்துத்தான் ஜெயிப்பான்.

ஆட்டம் தொடங்கும் முன் பெயரின் இரண்டு எழுத்து கேட்கும். ஜெயித்தால் திரையில் வருவதற்காக. நீங்கள் வழக்கமாகப் போடும் ஏ.பி.யையே தட்டுங்கள். தயவுசெய்து வேறு எதையும் தட்டாதீர்கள். மாற்றினால் கணக்குக் குழம்பும்.

அன்புடன்,
இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி
2.1.1987

அருமை மாப்பிள்ளைக்குப் புத்தாண்டு வாழ்த்துகள்!

நீ மேதை. அதை மூன்று மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுத நேரமில்லை. மாடிப்படியில் வரிசை நிற்கிறது! தோற்றவன், "நூலிழையில போச்சு" என்று மறுபடி வரிசையில் நிற்கிறான். ஜெயித்தவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் இன்னும் சாரத்துக்குள் நிற்கிறது, உன் கோபுரம் என் கடையில் நாள் முழுக்கத் தெரிகிறது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று. உட்கார்ந்துகொள். கடையின் வீரன் யார் தெரியுமா? நான்! சைக்கிளில் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் இறங்கி நின்று யோசிப்பவன், அந்த நான்தான்! அக்டோபரிலிருந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பாலத்தில் முட்டுகிறேன், முட்டியும் ஜெயிக்கிறேன். பஸ் முன்னால் போகும், நான் தட்டுத்தடுமாறிப் போவேன், கோபுரத்தடியில் ஒரு முழத்தில் முந்திவிடுவேன். அழகிரியே பத்துக்கு நாலு தோற்கிறான். "சார், உங்க கை ராசி" என்கிறான். ராசி என்ன ராசி, திறமை! இத்தனை வருஷம் குமாஸ்தா நாற்காலியில் ஒரு பந்தய வீரன் பேனா பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆகவே பந்தயம் அறிவித்துவிட்டேன். ஜனவரி 25, ஞாயிறு. பஸ்ஸை என்னைவிட அதிக தூரத்தில் முந்துகிறவன் இருந்தால், எல்லோர் முன்னிலையிலும் என் மீசையை எடுக்கிறேன். போர்டு எழுதி வைத்திருக்கிறேன் (இந்த முறை நானே எழுதினேன்).

ரோசரி? சட்டியோடுதான் பேசுகிறாள். ஆனால் அவளுக்குக் கேட்கும்படி சட்டியிடம் என் வெற்றிகளைத் தினமும் சொல்லி வருகிறேன். நேற்று நான் சொல்லும்போது, குழம்பைக் கிளறிய கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. நல்ல சகுனம். இருபத்தைந்தாம் தேதி அவள் வாய் திறக்கும், பார்.

வெற்றி வீரன்
ஏ. பிலோமின்ராஜ்

*

தந்தி
பெங்களூர், 25.1.1987

பந்தயம் நிறுத்தவும். கடிதம் வருகிறது. இன்னாசி.

*

மேலப்புதூர், திருச்சி
27.1.1987

இன்னாசிராஜுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை.

உன் தந்தி ஞாயிறு காலையில் வந்தது. 'தந்தி' என்று வாசலில் குரல் கேட்டதுமே வியாகுலம்மாள் முடியை அவிழ்த்துவிட்டு, "யாரு போயிட்டா? எந்தப் பக்கத்துல?" என்று ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள். தெருவில் பாதி அழுது முடித்த பிறகுதான் ரோசரி பிரித்துப் படித்தாள். படித்தவள் முகம் வெளுத்தது. தந்தியை என் கண்ணில் படும்படி உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்குப் பத்தடி பின்னாலேயே கடை வரை நடந்து வந்தாள். என் வெற்றியைப் பார்க்க வருகிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். உன் தந்தியை நான் மதிக்கவில்லை. பொறாமை என்று நினைத்தேன்.

பந்தயம் முறைப்படி நடக்க வேண்டுமென்று ஆடுகிறவர்களின் காலேஜ் அடையாள அட்டையை வாங்கி, அதைப் பார்த்து நானே எழுத்துகளைத் தட்டினேன். முதலில் அழகிரி. அப்பா பெயர் பெரியண்ணன், பி. அழகிரி. எப்போதும் பி.ஏ. என்று தட்டுவான். ஆனால் அட்டையில் அவன் காலேஜ்காரர்கள் இனிஷியலைக் கடைசியில் போட்டு 'அழகிரி பி' என்று அச்சடித்திருந்தார்கள். நான் ஏ.பி. என்று தட்டினேன்.

ஆட்டம் தொடங்கியது. அழகிரி சிட்டாய்ப் பறந்தான். அவனை விரட்ட வேண்டிய பஸ் பின்னால் உருண்டது. பாலம் ஏறும் இடத்தில், இன்னாசி, பஸ் நின்றுவிட்டது. அப்படியே நின்றது! பட்டப்பகலில், முப்பது பேர் பார்க்க, ஒண்ணாம் நம்பர் பஸ் பாலத்து முனையில் நிற்கிறது. "டிரைவர் டீ குடிக்கப் போயிட்டான்டோய்!" என்று ஒருவன் கத்த, மாடி அதிர்ந்தது.

அழகிரி நல்லவன். அதுதான் கேடு. "சார், இந்த ஜெயிப்பு எனக்கு வேணாம். ஏதோ கோளாறு. நான் எப்பவும் போல பி.ஏ.ன்னே போட்டு ஓட்டறேன்" என்றான். ஓட்டினான். பஸ் உயிர் பெற்று விரட்டியது, வியர்க்க வியர்க்க ஒரு சாணில் ஜெயித்தான். அப்போது கூட்டத்தில் எவனோ வாய் சும்மா இராமல், "அப்ப சாரும் பி.ஏ. போட்டு ஓட்டட்டும்" என்றான்.

ஓட்டினேன். கைப்பிடிச் சுவர், லாரி, மறுபடி கைப்பிடிச் சுவர். பஸ் கோபுரம் சேர்ந்தபோது நான் காவிரிக்கு நடுவில் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். முப்பது பேரும் என்னைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்தார்கள். "பரவால்ல சார், விடுங்க சார்" என்றான் அழகிரி. வாசலில் ரோசரி நின்றாள். முந்தானை வாயில் இருந்தது, சிரித்தாளா என்று தெரியவில்லை. திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

மீசையை யாரும் கேட்கவில்லை. நானே சலூனுக்குப் போய் எடுத்துவிட்டு வந்தேன். கண்ணாடியில் யாரோ ஒரு அத்தை தெரிகிறாள்.

நான் ஜெயித்த அத்தனை ஆட்டமும் பிச்சையா? என் பெயரைக் கண்டால் நிற்கும்படி பஸ்ஸுக்குச் சொல்லி வைத்தாயா? உன்னை யார் கேட்டார்கள்?

ஏ. பிலோமின்ராஜ்

*

பெங்களூர்
3.2.1987

அன்புள்ள அத்தானுக்கு,

ஹைதராபாத்தில் டிரெயினிங். திரும்பி வந்த அன்றுதான் உங்கள் புத்தாண்டுக் கடிதத்தைப் பார்த்தேன். அதனால்தான் தந்தி. தந்திக்குப் பின்னால் அனுப்புவதாகச் சொன்ன கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஆனால் நீங்கள் 'யார் கேட்டார்கள்' என்று கேட்டுவிட்டீர்கள். இனி மறைத்தால் பாவம்.

அக்கா கேட்டாள்.

வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் வந்தேனே, அன்று. எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அடுப்படியில் மிச்ச மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "இன்னாசி, எல்லாருக்கும் எப்படியோ வைச்சுக்க. அந்த மனுஷனுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுடா. கடையில ஒரு பொடிப்பய ஜெயிச்சிட்டான்னா, வீட்டுக்கு வந்து யார்கிட்ட பொலம்புவாரு? நான்தான் பேசறதில்லையே."

"அப்ப நீ பேசிடேன்க்கா" என்றேன்.

"அது வேற, இது வேற. நீ மீனைத் தின்னு."

அதனால்தான் ஏ.பி. அந்த எழுத்துகளைக் கண்டால் பஸ் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கொஞ்சம்தான் வைக்க நினைத்தேன். ஆனால் நீங்கள் ஓட்டும் விதத்துக்கு மெதுவாக்கினது போதவில்லை, அத்தான். கடைசியில் பாலத்தில் நிறுத்தியே வைக்க வேண்டியதாயிற்று. நீங்கள் ஓட்டும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் பாலத்தில் முட்டி முட்டி வந்து சேரவும் பஸ் நகரவும் சரியாக இருக்கும். நன்றாக ஓட்டுகிறவன் கையில் அதே எழுத்துகள் போகும் என்று நான் நினைக்கவில்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் இனிஷியல் முன்னால்தான். பின்னால் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அக்கா அடித்தால் நூலிழையில் தள்ளிப் போகும். எனக்கு அந்தக் கை வரவில்லை.

நான் சொன்னதாக அக்காவிடம் சொல்லாதீர்கள்.

இன்னாசிராஜ்

*

மேலப்புதூர், திருச்சி
17.2.1987

அருமை மாப்பிள்ளை,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அழகிரி வந்து, "சார், கரண்ட் போயிடுச்சு, நீங்க இன்னும் டிவியைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். பந்தயத்தன்று விழுந்தது ஓர் அடி. இது வேறு இடத்தில் விழுந்த அடி. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துகொண்டே, நான் பேச ஆளில்லாமல் தவிப்பேன் என்று கவலைப்பட்டிருக்கிறாள்! அந்தச் சட்டியிடம் நான் அளந்த வெற்றிக் கதைகளையெல்லாம், எல்லாம் தெரிந்தே, கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு முகமும் இல்லை, மீசையும் இல்லை.

கடை மூடிவிடும் என்று நினைத்தாயா? வரிசை கீழே ரோடு வரை போகிறது. 'நிக்கிற பஸ்'ஸைப் பார்க்க உறையூரிலிருந்து வருகிறார்கள். எல்லோரும் ஏ.பி. தட்டுகிறார்கள். பஸ் நின்றதும் கை தட்டுகிறார்கள். நான் மட்டும் கூட்டமில்லாத நேரத்தில் பி.ஏ. போட்டு ஓட்டிப் பழகினேன். தோற்றேன். மறுபடி தோற்றேன். தோற்கத் தோற்க, ஒன்று சொல்கிறேன் சிரிக்காதே, நன்றாக இருந்தது. கைப்பிடிச் சுவர் இப்போது ஒரு முறைதான் இடிக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம். வழக்கமாக வியாகுலம்மாள் கையில் வரும் சாப்பாட்டு கேரியர், ரோசரி கையில் வந்தது. நான் பஸ்ஸுக்குப் பின்னால் மாம்பழச் சாலையில் திணறிக்கொண்டிருக்கிறேன். பின்னால் வந்து நின்றாள். நான் பாலத்தைத் தாண்டியிருந்ததைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கேரியரைக் கீழே வைத்தாள்.

"நகருங்க" என்றாள்.

மாப்பிள்ளை, சட்டி பக்கத்தில் இல்லை. என்னிடம்தான் சொன்னாள்.

நகர்ந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பி, ஆர் என்று தட்டினாள். பாலம் ஏறியதும் கைப்பிடிச் சுவர். பின்வாங்கி, மறுபடி சுவர். பஸ் ஈவிரக்கமில்லாமல் போய்விட்டது. பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னேன்: "ரோசரி, வேணும்னா என் எழுத்தைப் போட்டு ஓட்டிப் பாரேன். பஸ் நிக்கும்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"உங்க எழுத்தை இருபது வருஷமா என் பேருக்கு முன்னால போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். எந்த பஸ் நின்னுச்சு?"

அதோடு நிற்கவில்லை. வேலையை விட்டதிலிருந்து மீசையை விட்டது வரை, சாயங்காலம் வரை பேசினாள். மாடிப்படி வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. ஒருவனும் டோக்கன் கேட்கவில்லை. நான் கேரியரைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். குழம்பில் உப்புச் சரியாக இருந்தது.

அடுத்த கேசட்டில் யாருக்கும் பஸ் நிற்க வேண்டாம். எனக்கும்தான். உன் அக்காவுக்குக்கூட வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். இனி நான் மட்டும் புதிதாக இரண்டு எழுத்து தட்டப்போகிறேன். பஸ் அதைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை, திரையில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஆர். பிலோமின்ராஜ்